மூன்று முறையும் ஒரே எண்

ஜனவரி 9

அன்புள்ள பொம்மிக்கு,

இன்று காலை முதல் வேலையாக உங்கள் வார்டின் எடைக்கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். காபிகூடக் குடிக்கவில்லை. பெட்டியில் உங்கள் மருத்துவமனையின் பெயர் அச்சிட்டிருந்தது. அதன் கீழே "கவிழ்க்க வேண்டாம்" என்று பேனாவால் எழுதியிருந்தது உன் எழுத்து. அந்த 'ழ'வை அப்படிச் சுழிப்பவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். மற்றவர் உன் அண்ணன்.

கருவிகளைச் சோதிக்கும் கூடம் எங்களுடையது ஒன்றுதான் என்பதால் இது எப்படியும் இங்கேதான் வந்திருக்கும். என் நாத்தனார் வேலை செய்யும் வார்டிலிருந்து வந்தது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று மேலாளரிடம் சொன்னேன். "மெஷினுக்கு நீங்க சொந்தமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வந்த கருவியை நாங்கள் உடனே சோதிப்பதில்லை. இந்த அறையின் வெப்பத்துக்கு அது பழக வேண்டும். அதுவரை சும்மா கிடக்கும். நானும் அப்படியே உட்கார்ந்திருந்தபோதுதான் உனக்கு எழுதத் தோன்றியது. இரண்டு வருடமாக நாம் பேசவில்லை. கூட வந்த நிர்வாகத்தின் கடிதத்தில், "பதிவான எடைகள் குறித்து விசாரணை நடப்பதால் அவசரம்" என்று இருக்கிறது. பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு நீதானே தலைமைச் செவிலி. என்ன நடந்தது என்று சொல்ல விருப்பமிருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் என் வேலையை ஒழுங்காகச் செய்வேன்.

அண்ணி

ஜனவரி 13

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கருவியை அனுப்பியது நிர்வாகம், நானில்லை. பெட்டியில் என் எழுத்து இருந்ததற்குக் காரணம், இங்கே ஒரு பொருளை உருப்படியாகக் கட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

போன் செய்யாதீர்கள். வார்டில் எடுக்க முடியாது. வீட்டில் எடுத்தால் இரண்டாவது நிமிடத்தில் குரல் உயரும். எழுத்து பரவாயில்லை, கத்த முடியாது.

நடந்தது இது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் இரண்டு கிலோ ஆனதும் வீட்டுக்கு அனுப்புவோம். எட்டாம் தொட்டில் குழந்தை அப்படித்தான் போனது. அம்மா அழுதுகொண்டே கும்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு வாரத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். உடம்பு சில்லிட்டு, பால் இழுக்கத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. அதற்கு முந்தின நாள் வேறு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். அங்கே எடை இரண்டு கிலோவுக்கு நன்றாகக் குறைவு. பயப்படாதீர்கள், இப்போது தேறிவிட்டது. நேற்று என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அந்தக் குழந்தையைக் கடைசியாக எடை பார்த்தது ஒரு புதுப்பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மேல்தட்டிலிருக்கும் பெட்டியை ஸ்டூல் போடாமல் எடுப்பாள் என்பதால் எல்லோரும் 'நெட்டை' என்றுதான் கூப்பிடுவோம். அவள் எடையே பார்க்கவில்லை, இஷ்டத்துக்கு ஒரு எண்ணை எழுதிவைத்தாள் என்று நிர்வாகம் சொல்கிறது. அதற்கு அவர்கள் காட்டும் காரணம்தான் வேடிக்கை. ஒவ்வொரு குழந்தையையும் மூன்று முறை எடை பார்த்து மூன்றையும் எழுத வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். அவள் எழுதிய மூன்றும் ஒரே எண். உண்மையாக எடை பார்த்தால் கொஞ்சமாவது மாறும், இவள் ஒன்றை எழுதி இரண்டு முறை காப்பி அடித்திருக்கிறாள் என்கிறார்கள். நல்ல கருவியில் மாறாது என்று எனக்குத் தெரியும். கேட்க ஆளில்லை.

கருவி பழுதாகியிருக்கும் என்று நம்புகிறேன். பழுது என்று நீங்கள் எழுதிவிட்டால் அந்தப் பெண் பிழைப்பாள். விசாரணை பிப்ரவரி 6.

பொம்மி

ஜனவரி 17

அன்புள்ள பொம்மிக்கு,

குழந்தை தேறியதைப் படித்துவிட்டுத்தான் மற்ற வரிகளைப் படிக்க முடிந்தது. உன் அண்ணனிடமும் சொன்னேன். "அவகிட்ட இருக்கற குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். உன் விஷயத்தில் அவருக்கு எப்போதும் இந்த நம்பிக்கை உண்டு. என் விஷயத்தில், அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை கேட்பார்.

உனக்குப் பிடிக்காத செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவியில் பழுதில்லை. சிறிய எடைக்கல்லிலிருந்து பெரியது வரை வைத்துப் பார்த்தேன். தட்டின் நடுவில், நான்கு மூலைகளில், ஏறுவரிசையில், இறங்குவரிசையில். எல்லாம் சரி. இன்னொரு நாள் புதிதாக ஆரம்பித்தும் பார்த்தேன். சரியாகவே இருக்கிறது.

நீ எழுதியதில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்று முறையும் ஒரே எண். அதை நிர்வாகம் பொய்க்கு அடையாளமாகப் பார்க்கிறது. நீ உண்மைக்கு அடையாளமாகப் பார்க்கிறாய். எனக்கு இரண்டுமாகத் தெரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு முதலில் பிரித்துக் காட்டியது இரண்டு ஆங்கிலச் சொற்களைத்தான். அக்யூரஸி, பிரெசிஷன். தமிழில் இரண்டையும் துல்லியம் என்று சொல்லிவிடுகிறோம். பிரெசிஷன் என்றால் எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வருவது. அக்யூரஸி என்றால் வருகிற விடை உண்மையான அளவாக இருப்பது. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று நினைத்துக்கொள்வது மனித சுபாவம். உன் அண்ணன் பாடுவதை நினைத்துப் பார். குளியலறையில் ஆயிரம் முறை பாடினாலும் அதே வரியில், அதே எழுத்தில், அதே அளவுக்குச் சுருதி விலகும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பிரெசிஷனில் அவரை அடிக்க ஆளில்லை. அதற்காக அதைச் சங்கீதம் என்று சொல்ல முடியுமா?

நம் சண்டையையும் யோசித்தேன். உன் அப்பா உங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இந்தத் தெர்மாமீட்டரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று உன்னுடன் வேலை செய்பவர்கள் முன்னால் நான் கேட்டேன். இரும்புக் கட்டியை எடை போடுகிறவர்களுக்கு உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்று நீ சொன்னாய். இதை இரண்டு வருடமாக வார்த்தை மாறாமல் சொல்லிவருகிறேன். வார்த்தை மாறாததால் அது நடந்தபடியே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நீ சொல்லும் கதையும் அப்படித்தான் இருக்கும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. கருவியின் ஸீரோ பட்டன்மேல் பிளாஸ்டர் ஒட்டி உரித்த பசை இருக்கிறது. அது எதற்கு? குழந்தையை எப்படி எடை பார்ப்பீர்கள் என்பதைக் காலையில் கருவியை ஆன் செய்வதிலிருந்து எழுது. எனக்கு எதுவுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு எழுது. அது உனக்குக் கஷ்டமாக இருக்காது.

அண்ணி

ஜனவரி 21

அண்ணிக்கு,

இரண்டு சொல்லுக்கும் நன்றி. வார்டில் ஒரே நேரத்தில் நான்கு குழந்தைகள் அழும்போது எது பிரெசிஷன், எது அக்யூரஸி என்று நின்று பிரித்துப் பார்க்கிறேன். அண்ணன் பாட்டை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சண்டையில் நீங்கள் சொன்ன கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டீர்கள். "இரும்பு பரவாயில்லை, தப்புன்னா தப்புன்னு காட்டிடும்" என்றீர்கள். நீங்கள் மறந்திருக்கலாம். எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

பிளாஸ்டர் ஒட்டியது நான். அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. முன்பெல்லாம் தட்டில் டவலை விரித்து, ஸீரோ பட்டனை அமுக்கி, டவலின் எடையைக் கழித்துவிட்டுத்தான் குழந்தையை வைப்போம். ஒரு முறை ஒருத்தி குழந்தையின் கால் தட்டில் பட்டுக்கொண்டிருக்கும்போதே பட்டனை அமுக்கிவிட்டாள். எடை குறைவாகக் காட்டி, டாக்டர் ஓடிவந்து, அன்றைக்கு வார்டே ரணகளம். அதோடு அந்தப் பட்டனை யாரும் தொடக்கூடாது என்று ஒட்டிவிட்டேன். உங்களிடம் அனுப்பும்போது உரித்தேன்.

அதற்குப் பதிலாக நான் கொண்டுவந்த முறை இன்னும் சுலபம். காலையில் கருவியை ஆன் செய்யும்போது தட்டில் ஒரு டவல் இருக்க வேண்டும். ஆன் ஆகும்போது தட்டில் என்ன இருக்கிறதோ அதை அது ஸீரோவாக எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த டவலை எடுத்துவிடலாம். அன்று முழுவதும் எந்தக் குழந்தையையும் அதன் டவலோடு அப்படியே வைத்துப் பார்க்கலாம். டவலின் எடை தானாகக் கழிந்துவிடும். யாரும் எதையும் அமுக்க வேண்டாம், மறக்க வேண்டாம். காலையில் வைப்பதற்கென்றே இழுப்பறையில் ஒரு பழைய டவல் தனியாகக் கிடக்கும். இரண்டு வருடமாக ஒரு பிசகும் இல்லை.

குளிர் ஆரம்பித்ததும் நான் நிர்வாகத்தோடு சண்டை போட்டுக் கனமான டவல்களும் வாங்கினேன். சூடுபடுத்தும் அலமாரியிலிருந்து எடுத்துச் சுற்றி, குழந்தையின் உடம்பு காற்றில் படாமல் எடை பார்க்கிறோம். அவை வந்த பிறகு குழந்தைகளின் எடை நன்றாக ஏறியது என்று டாக்டரே பாராட்டினார். குளிரில் நடுங்காத குழந்தைக்குச் சதை பிடிக்கும். இது உங்கள் புத்தகத்தில் இருக்காது.

நெட்டை நேற்று என்னிடம் வந்தாள். சாப்பாட்டு அறையில் நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்து நின்றாள். "சிஸ்டர், நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் செஞ்சேன். மூணு தடவையும் தூக்கித் தூக்கித்தான் வெச்சேன்" என்றாள். எனக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன்.

இதில் எங்கே தவறு இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.

பொம்மி

ஜனவரி 26

அன்புள்ள பொம்மிக்கு,

போன் செய்ய வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தும் நேற்று செய்தேன். குழந்தைகள் விஷயத்தில் தபாலுக்குக் காத்திருக்க முடியவில்லை. புதிய டவல் வந்த பிறகு வீட்டுக்குப் போன எல்லாக் குழந்தைகளையும் கூப்பிட்டு எடை பார், வார்டில் இருப்பவர்களையும் வெறும் உடம்போடு பார் என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். கேட்டாய் என்பது மட்டும் தெரியும். மூச்சுச் சத்தம் வந்தது.

அவசரத்தில் விட்டதை இப்போது எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று வீட்டிலிருந்து இரண்டு டவல் எடுத்துப் போனேன். ஒன்று தேய்ந்து போன பழையது. மற்றது உன் அண்ணனின் கனமான குளியல் டவல். அன்றைக்கு அவர் குளித்துவிட்டு என்னைக் கூப்பிட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். பழைய டவலைத் தட்டில் வைத்துக் கருவியை ஆன் செய்தேன். அதை எடுத்துவிட்டு, கனமான டவலில் இரண்டு கிலோ எடைக்கல்லைச் சுற்றி வைத்தேன். இரண்டு கிலோவுக்குமேல் இருநூறு கிராம் சொச்சம் காட்டியது. மறுபடி வைத்தேன், மறுபடி வைத்தேன். மூன்று முறையும் ஒரே எண்.

காலையில் கருவி கழித்தது மெல்லிய டவலை. நாள் முழுக்க வைத்தது கனமான டவலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு குழந்தையின் எடையோடும் சேர்ந்துகொண்டது. எல்லாப் புதிய டவலும் ஒரே மாதிரி என்பதால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு சேர்ந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைந்திருந்தால் நீயே முதலில் பிடித்திருப்பாய். மூன்று முறை பார்க்கச் சொன்னது நல்ல சட்டம்தான். கை தவறினால் காட்டிக்கொடுக்கும். எடை பார்க்கும் முறையே விலகியிருந்தால் அதற்குத் தெரியாது.

உன் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கும் தோன்றியிருக்காது. குழந்தைக்குக் குளிரக்கூடாது என்று யோசிக்கிறவள் இழுப்பறையில் கிடக்கும் பழைய டவலை நினைக்க மாட்டாள். அந்தப் பெண் எடை பார்த்திருக்கிறாள், பொம்மி. ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறாள்.

அண்ணி

ஜனவரி 30

அண்ணி,

எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. வழக்கமான பரிசோதனை என்று சொன்னேன். இரவல் கருவியில், வெறும் உடம்போடு, நானே பார்த்தேன். ஒரு குழந்தையை மட்டும் மறுபடி சேர்த்துக்கொண்டோம். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, என் மனதுக்காகச் சேர்த்தேன். மற்றவர்கள் நல்ல எடை. வார்டிலும் எல்லாத் தொட்டிலும் பார்த்துப் புது எடை எழுதியாகிவிட்டது. இனி யாருக்கும் ஆபத்தில்லை. இதை முதலில் சொல்கிறேன், அடுத்ததைப் படித்துவிட்டு என்னை ராட்சசி என்று நினைக்காமல் இருக்க.

உங்கள் போன் வந்த அன்று ஷிப்ட் முடிந்த பிறகு இரவல் கருவியில் சலைன் பாட்டிலைக் குழந்தையாக வைத்து, இரண்டு டவலையும் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே வந்தது. பழைய டவலை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். ஏன் எடுத்துவந்தேன் என்று கேட்காதீர்கள்.

எனக்கு ஒரே ஒரு உதவி வேண்டும். சான்றிதழில் கருவி சரியாக இருக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். பொய் எழுதச் சொல்லவில்லை. அதுதானே உண்மை? டவலைச் சோதிக்கச் சொல்லி யாரும் உங்களுக்கு எழுதவில்லையே.

நான் மாட்டிக்கொள்வேன் என்பதற்காக இதைக் கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அதற்காகத்தான் கேட்கிறேன். இந்த வார்டில் நான் வந்தபோது தொட்டிலுக்குத் தொட்டில் துணி மாற்றக்கூட ஒழுங்கில்லை. இங்குள்ள ஒவ்வொரு நடைமுறையும் நான் போட்டது. ஒரு நடைமுறை தப்பு என்றால் எல்லாவற்றையும் தோண்டுவார்கள். தலைமைப் பொறுப்பை எடுத்துவிட்டு, நான் பழக்கிய பெண்களுக்குக் கீழே என்னை நிறுத்துவார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. இங்கே இல்லாவிட்டால் இன்னொரு இடம். என் வயதுக்கு இன்னொரு இடம் கிடையாது.

நேற்று அவள் மறுபடி வந்தாள். "நான் எடை பார்த்தேன்னு நீங்க அங்க சொல்வீங்கல்ல சிஸ்டர்?" என்று கேட்டாள். நான் "பாக்கலாம்" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, மேல்தட்டிலிருந்து எனக்குக் கையுறைப் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் கேட்கக்கூட இல்லை.

பதில் எழுத வேண்டாம். சான்றிதழ் மட்டும் போதும்.

பொம்மி

பிப்ரவரி 4

அன்புள்ள பொம்மிக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஆனாலும் எழுதுகிறேன்.

சான்றிதழ் நேற்று போய்விட்டது. கருவி சரி என்று மட்டும்தான் இருக்கிறது. உனக்காக அப்படி எழுதவில்லை. எடை பார்த்த முறை பற்றி ஒரு பத்தி எழுதி மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, சிவப்பு மையால்கூட இல்லை, பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டார். "துணிக்கெல்லாம் நாம சர்டிபிகேட் குடுக்கறதில்லைம்மா. மெஷின் சரின்னா சரி, அவ்வளவுதான்" என்றார். கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதை உறையில் போடாமல் மறுபடி மறுபடி படித்தது இதுதான் முதல் தடவை. அந்தத் தாளை மேசையில் வைத்தால், கருவி சரி, ஆகவே அந்தப் பெண் பொய் சொன்னாள் என்றுதான் படிப்பார்கள். உனக்கும் அது தெரிந்துதான் கேட்டாய்.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவ தப்பே பண்ணியிருக்கட்டும். அத நீதான் போய்ச் சொல்லணுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நான் எழுந்துபோய், அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். உன் வேலை போனால் இந்த வீட்டில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள் என்று தெரியும். அப்படிச் சொல்லாமலே பல வருடம் ஓடும் என்பதும் தெரியும்.

நீ செய்தது தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பிசகு யாருக்கும் வரும். குழந்தைகளைக் கூப்பிட்டுப் பார்த்தாய், அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் நீ சொன்ன "பாக்கலாம்" பிசகு இல்லை. அதைத்தான் என்னால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தும் சமாதானம் செய்துகொள்ள முடியவில்லை. அவள் கையுறைப் பெட்டியை எடுத்துக் கொடுத்ததை நீ ஏன் எனக்கு எழுதினாய்? எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதியதால்தான் இந்தக் கடிதத்தை உனக்கு எழுதுகிறேன், உங்கள் நிர்வாகத்துக்கு எழுதவில்லை.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. மேலாளரிடம் இரண்டு நாள் விடுப்பு மட்டும் கேட்டிருக்கிறேன், காரணம் சொல்லவில்லை. உன் அண்ணன் நான் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நாளை சாயங்காலம் பஸ் ஏறுகிறேன். ஆறாம் தேதி காலையில் விசாரணை அறை திறப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பேன். நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பேன்.

உள்ளே போய் நீயாகச் சொல்லிவிட்டாய் என்றால் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன ஆனாலும் அங்கிருந்து உன்னோடு உன் வீட்டுக்கு வருகிறேன். நீ சொல்லவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்காகப் பேச அனுமதி கேட்டு நான் உள்ளே வருவேன். அவள் ஒவ்வொரு முறையும் எடை பார்த்தாள் என்று சொல்வேன். அந்த முறையை யார் வைத்தது என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன்.

அண்ணி